அரசனின் சமயமும் அரசின் சமயமும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று முகப்பேரிலிருந்து பூந்தமல்லி வழியாகக் குன்றத்தூர் சென்றிருந்தேன். சேக்கிழார் பிறந்த ஊர். குடந்தையை அடுத்த திருநாகேச்சரத்தின் நினைவாக அவர் எடுப்பித்ததாகச் சொல்லப்படும் கோயில் அங்கே இன்றும் வழிபாட்டில் உள்ளது. அதன் திருச்சுற்றில் நின்றபோது, வகுப்பறைக் கேள்வி ஒன்று மீண்டும் மனத்தை உறுத்தியது. திருநாவுக்கரசர் வரலாற்றை நடத்தி முடித்த அன்று ஒரு மாணவி எழுந்தாள். "பல்லவ மன்னன் சைவனானான், சரி ஐயா. நாடு என்றைக்குச் சைவமாயிற்று?" என்றாள். அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இக்கட்டுரை அவளுக்கு நான் பட்ட கடன்.

உரோமாபுரியைப் பற்றியும் இதே வினாவை எழுப்பலாம். கான்ஸ்டன்டைன் 312இல் போரில் வென்று கிறித்துவின் பக்கம் சாய்ந்தான்; பேரரசு கிறித்தவமாயிற்று என்று பள்ளிப் பாடநூல்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. ஆனால், 313இல் அவனும் லிசினியஸும் மிலானில் செய்துகொண்ட உடன்பாடு எல்லாச் சமயத்தாருக்கும் வழிபாட்டுரிமை வழங்கியதேயன்றி, ஒன்றை அரச சமயமாக்கவில்லை. கான்ஸ்டன்டைன் திருமுழுக்குப் பெற்றதும் 337இல், மரணப் படுக்கையில்தான். இடையில் ஜூலியன் பழைய தெய்வங்களை மீட்க முயன்றான். தியோடோசியஸின் ஆணை 380இல் வந்தது. 312க்கும் 380க்கும் இடையே 68 ஆண்டுகள். அந்த இடைவெளியில் நடந்தவைதாம் முக்கியமானவை: குருமாருக்குப் பொதுக் கடமைகளிலிருந்து விலக்கு, 321இல் திருச்சபை மரணசாசனம் வழியே சொத்துப் பெறும் உரிமை, அதே ஆண்டில் ஞாயிறு ஓய்வு. பிறகு 382இல் கிரேஷியன் பழைய வழிபாடுகளுக்கான அரசு மானியத்தை நிறுத்தினான். பூசாரியின் படி நின்றபின் கோயில் எத்தனை நாள் தாங்கும்?

இனி நம் பல்லவனிடம் வருவோம். முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவன். திருச்சி மலைக் குடைவரையில் அவன் பொறித்த வடமொழிக் கல்வெட்டு, எதிர்நெறியிலிருந்து திரும்பிய அறிவைப் பற்றிச் சிலேடையாகப் பேசுகிறது. அவன் சமணத்தை விட்டதற்கு அதையே சான்றாகக் காட்டுவர். தருக்கநூற் சொற்களை வைத்தாடும் விளையாட்டு என்று கொள்வோரும் உளர். எவ்வாறாயினும் அது ஒரு மனிதனின் நம்பிக்கையைப் பற்றியது. அவனே மண்டகப்பட்டில் நான்முகன், சிவன், திருமால் மூவருக்கும் ஒரே குடைவரை அகழ்ந்தான். மத்தவிலாசப் பிரகசனத்தில் பௌத்தத் துறவியோடு சைவக் காபாலிகனையும் சேர்த்தே எள்ளி நகைத்தான். பாடலிபுரத்துப் பள்ளியை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்த செய்தியை நமக்கு விரித்துரைப்பவர் சேக்கிழார். அவர் இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்தவர். ஐந்நூறு ஆண்டு கழித்து எழுதுகிறார். அந்தச் சோழன் சீவகசிந்தாமணியில் ஈடுபட்டிருந்ததைக் கண்டு வருந்தியே அவர் தொண்டர் வரலாற்றைப் பாடினார் என்பது மரபுவழிச் செய்தி. மரபின்படியே பார்த்தாலும், மகேந்திரன் மாறி ஐந்து நூற்றாண்டான பின்னும் சோழன் அவையில் சமணக் காப்பியம் சுவைக்கப்பட்டிருக்கிறது!

ஆக, மனமாற்றத்தில் விடை தேடிப் பயனில்லை, நெற்கணக்கில் தேடவேண்டும். 9ஆம் நூற்றாண்டிலேயே திருவல்லத்துக் கல்வெட்டொன்று திருப்பதியம் பாடுவோர்க்கு ஒதுக்கீடு சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் அது பேருருக் கொள்கிறது. திருப்பதியம் விண்ணப்பஞ்செய்யப் பிடாரர் 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர் என 50 பேரை முதலாம் இராசராசன் நியமித்தான். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவ்விடம் எவ்வாறு நிரப்பப்படவேண்டும் என்பதும் கல்லில் உண்டு. இந்தக் கடைசி ஏற்பாடுதான் என்னை வியக்கவைக்கிறது. அரசனின் பக்தி அவனோடு முடியக்கூடியது. காலியிடத்தை நிரப்ப விதி எழுதியபின் அது அரசின் பணியாகிவிடுகிறது.

ஆனால் உரோமாபுரியோடு ஒப்பிடுகையில் ஒரு பெரிய வேறுபாடு. இங்கே தியோடோசியஸின் ஆணை போன்ற ஒன்று வரவேயில்லை. தேவதானம், பிரமதேயம் என்ற நிலவகைகளோடு, சமண பௌத்தப் பள்ளிகளுக்குரிய பள்ளிச்சந்தமும் சோழர் கணக்கில் நீடித்தது. சிவபாதசேகரன் என்று பெயர் பூண்ட அதே இராசராசன்தான் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை அளித்தான். அவன் தமக்கை குந்தவை போளூரை அடுத்த திருமலையில் சினாலயம் எடுத்தாள். காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலோ 6ஆம் நூற்றாண்டுப் பள்ளன்கோயில் செப்பேட்டில் தொடங்கி, 1387 அளவில் விசயநகர அமைச்சன் இருகப்பன் மண்டபம் எழுப்பியது வரை ஆதரவு பெற்றிருக்கிறது.

இதைக்கொண்டு தமிழரின் பொறைமை என்று மார்தட்ட எனக்கு விருப்பமில்லை. மதுரையில் எண்ணாயிரவர் கழுவேறிய கதைக்கு அக்காலக் கல்வெட்டுச் சான்று கிடையாது. எனினும் அதைச் சுவரில் ஓவியமாகத் தீட்டிப் பெருமைப்பட்ட கைகளும் நம்மவையே. மானியம் வெட்டப்படாமலே ஒரு சமயம் மெலியவும் கூடும். ஒரு பக்கம் ஊர்தோறும் கற்றளி, நந்தவனம், விளக்கெரிக்க ஆடுகள் என்று பெருகிக்கொண்டே போக, மறுபக்கம் பழைய பள்ளிச்சந்தம் பழைய அளவிலேயே நின்றிருந்தால் போதும். சில தலைமுறைகளில் தட்டு தானே சாய்ந்துவிடும். நடந்தது பெரும்பாலும் இதுவே என்பது என் துணிபு.

அந்த மாணவிக்கு ஓர் ஆண்டெண்ணைச் சொல்ல என்னால் இயலாது. அடுத்த பருவத்தில் பெரியபுராணம் எடுக்கும்போது, தஞ்சைக் கல்வெட்டின் படியொன்றைக் கையோடு கொண்டுபோய், முக்குறுணி நெல் வரும் வரிகளை அவளையே உரக்கப் படிக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.