தேடல் எளிது, தெளிதல் அரிது

யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது எந்த இரவில்? வரலாறு கற்கும் கல்லூரி மாணவர் இருவரிடம் இக்கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் 1981 மே 31 என்பார். மற்றவர் யூன் 1 என்பார். இரண்டு திகதிகளும் எழுத்தில் உள்ளன. எதனை ஏற்பது, எப்படித் தீர்மானிப்பது என்பதையே நாம் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

இக்கல்விக்கு ஒரு வரலாறு உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த சீர்காழி இராமாமிர்த ரங்கநாதன், 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவர், 1931 இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூலைக் காப்பதோடு நூலகரின் பணி முடிந்துவிடுவதில்லை. வாசகரையும் அவருக்கு வேண்டிய நூலையும் சேர்த்துவைப்பதும் அவரது கடமை என்பது அவர் கண்ட நெறி.

'தகவல் எழுத்தறிவு' என்ற தொடரை 1974 இல் அமெரிக்கரான போல் சுர்கோவ்ஸ்கி பயன்படுத்தினார். தகவலின் தேவையை உணர்தல், அதனைத் தேடிக் கண்டடைதல், மதிப்பிடுதல், பயன்படுத்தல் என அதன் கூறுகளை அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு 1989 இல் வகுத்தது. 2000 ஆம் ஆண்டில் உயர்கல்விக்கான தராதரங்களும் வெளியாயின.

இவற்றுள் மதிப்பிடுதலே எமக்கு மிக முக்கியமானது. காரணம் எமது வரலாற்றிலேயே இருக்கிறது. 1959 இல் புதிய கட்டடத்தில் திறக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்துக்கு ஆலோசனை வழங்கியவர் அதே ரங்கநாதன். அங்கிருந்த ஏறத்தாழ 97,000 நூல்கள் 1981 இல் சாம்பலாயின. மூலம் அழிந்த இடத்தில் பிரதியே மூலமாகிவிடுகிறது. பிரதியில் ஒரு பிழை நேர்ந்தால், ஒப்பிட்டுத் திருத்துவதற்கு வேறு ஏடு இல்லை. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம முயற்சி எஞ்சிய நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் சேர்த்துவருகிறது. ஆயினும் அவற்றைத் துருவிப் பார்க்கும் பழக்கத்தை ஆசிரியரே ஊட்ட வேண்டும்.

திகதிக்கு மீள்வோம். எழுதியவர் யார்? எப்போது எழுதினார்? நேரில் கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா? பத்து இணையத்தளங்களில் ஒரே வாக்கியம் இருந்தால், அவை பத்துச் சாட்சிகள் அல்ல; பெரும்பாலும் ஒரு சாட்சியின் பத்துப் பிரதிகள். அந்த வாரத்துப் பத்திரிகைகளையும் நேரில் கண்டோரின் பதிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். நள்ளிரவைத் தாண்டிய நிகழ்வுக்கு இரு திகதிகளும் பொருந்தலாம் என மாணவர் ஊகித்தால், அது நல்ல ஊகம். எனினும், சான்று கிடைக்கும்வரை அதனை ஊகம் என்றே எழுதப் பழக்க வேண்டும்.

செய்தியறையில் மூத்தவர்கள் எமக்குக் கற்றுத்தந்ததும் இதுவே. 'யார் சொன்னது?' என்ற கேள்விக்கு விடையில்லாத வரி அச்சுக்குப் போகாது. இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலி கேட்ட மாத்திரத்தில் ஒரு திகதியைத் தயக்கமின்றித் தந்துவிடுகிறது. அதனிடமும் அக்கேள்வியைக் கேட்கும் மாணவரே ஆய்வாளராவார். எரிந்த ஏடுகள் இனி வரப்போவதில்லை. எஞ்சியவற்றிலிருந்து எழுதப்படும் வரலாறாவது பிழையின்றி அமையட்டும்.