எஃப்டிஸ்க் /எம்பிஆர்

எஃப்டிஸ்க் /எம்பிஆர் என்பது, டாஸ் இயங்குதளத்தில் வன்தட்டின் துவக்க நிரலை மட்டும் புதிதாக எழுதும் கட்டளை. 1991இல் வெளியான எம்எஸ்-டாஸ் 5.0 முதல் இது உண்டு. ஆனால் எஃப்டிஸ்க்கின் உதவித் திரையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

செயல்படும் விதம்

வன்தட்டின் எம்பிஆர் எனப்படும் முதல் செக்டர் 512 பைட் அளவுள்ளது. முதல் 446 பைட்டில் துவக்க நிரலும், அடுத்த 64 பைட்டில் சி, டி போன்ற பகுதிகள் எங்கே தொடங்குகின்றன என்று காட்டும் பகிர்வு அட்டவணையும், கடைசி 2 பைட்டில் 55ஏஏ என்ற அடையாளமும் இருக்கும். இக்கட்டளை நிரலை மாற்றும், அட்டவணையைத் தொடாது. எதையும் கேட்காமல், முடிந்தது என்றும் சொல்லாமல், மீண்டும் ஏ:\> குறிக்கே திரும்பிவிடும்.

இந்தியச் சூழல்

1990இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட ஜோஷி வைரஸ் இந்த முதல் செக்டரில்தான் குடியேறியது. ஜனவரி 5 அன்று கணினியை நிறுத்திவைத்து, 'ஹேப்பி பர்த்டே ஜோஷி' என்று தட்டச்சு செய்யச் சொல்லும். கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் அழுத்தினாலும் நினைவகத்தை விட்டுப் போகாது.

இத்தகைய வைரஸ்களைத் துரத்த சி டிரைவை ஃபார்மட் செய்தவர்கள் ஏமாந்தார்கள். ஃபார்மட் கட்டளை பகுதிக்குள் மட்டுமே வேலை செய்யும். முதல் செக்டர் அதற்கு வெளியே இருக்கிறது. கோப்புகள் போய்விடும், வைரஸ் தங்கிவிடும்.

மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. அதுவரை மென்பொருளும் வைரஸும் ஃபிளாப்பியிலேயே ஊர் சுற்றின. வைரஸ் எதிர்ப்பு மென்பொருளின் புதிய பதிப்பும் பெரும்பாலும் ஃபிளாப்பியில்தான் வரவேண்டியிருந்தது. மும்பையில் கிராண்ட் ரோடு நிலையத்தை ஒட்டிய லாமிங்டன் சாலைக் கடைகளிலோ, மாட்டுங்கா, செம்பூர் அலுவலகங்களிலோ டாஸ் 5.0 ஃபிளாப்பி ஒன்று இருந்தால், இக்கட்டளையும் கையில் இருந்ததாகப் பொருள்.

பயன்படுத்தும் முறை

கணினியின் மின்சாரத்தை முழுவதும் நிறுத்தி, எழுத்துத் தடை போட்ட சுத்தமான டாஸ் ஃபிளாப்பியிலிருந்து துவக்கவேண்டும். பிறகு டிர் சி: கொடுத்துப் பார்க்கவேண்டும். கோப்புப் பட்டியல் சரியாக வந்தால், அட்டவணை அதன் இடத்தில் இருக்கிறது; கட்டளையைக் கொடுக்கலாம். ஸ்டோன்ட், மைக்கலாஞ்சலோ வைரஸ்களை இம்முறையில் நீக்க முடிந்தது.

ஆபத்துகள்

மங்கி வைரஸ் அசல் செக்டரை மறைகுறியாக்கி வேறிடத்தில் ஒளித்துவைக்கும். வைரஸ் நினைவகத்தில் இருந்துகொண்டு அந்த அசலைக் காட்டும்வரைதான் சி டிரைவ் தெரியும். அங்கே இக்கட்டளையைக் கொடுத்தால் வைரஸ் அழியும், கோப்புகளுக்குப் போகும் வழியும் அடைபடும். 55ஏஏ அடையாளம் இல்லாத செக்டரில் கொடுத்தால் பகிர்வு அட்டவணையே துடைக்கப்பட்டுவிடும்.

பிற்கால வடிவங்கள்

விண்டோஸ் எக்ஸ்பியின் மீட்புத் திரையில் ஃபிக்ஸ்எம்பிஆர் என்றும், விஸ்டா முதல் பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர் என்றும் இதே வேலைக்குக் கட்டளைகள் வந்தன; இவை ஆவணங்களிலும் இடம்பெற்றன. யூஇஎஃப்ஐ முறையில் துவங்கும் இன்றைய கணினிகள் முதல் செக்டரின் நிரலை இயக்குவதில்லை என்பதால், அவற்றில் இக்கட்டளைக்கு வேலை இல்லை.