திரும்பத் திரும்ப எழுதாதே! - மேக்ரோ பிறந்த கதை

பெங்களூர், ஹைதராபாத், புனே என்று பிழைப்புக்காக வந்து சேர்ந்த நம்மாட்களில் 'சாஸ்' எழுதிச் சம்பாதிப்பவர்கள் உண்டு. என்ன வேலை என்று ஊரில் கேட்டால், "மருந்துக் கம்பெனிக்கு டேபிள் போடுறேன்" என்று சொல்லி நழுவிவிடுவார்கள். அவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் 'மேக்ரோ'. அதற்குப் பின்னால் எண்பது வருடக் கதை இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் வியாதி, பிறகு மருந்து.

1944-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 1' என்ற ராட்சதக் கணக்கு இயந்திரம் ஓடத் தொடங்கியது. அதற்கு நிரல் எழுதியவர்களில் ஒருவர் கிரேஸ் ஹாப்பர். ஒரே மாதிரியான கணக்குகள் அடிக்கடி தேவைப்பட்டன. எனவே சரியாக ஓடிய துண்டுகளை நோட்டில் குறித்துவைத்து, ஒருவர் நோட்டைப் பார்த்து மற்றவர் எழுதிக்கொண்டார்கள். வந்தது வினை! 4 என்ற எண் டெல்டா ஆனது, பி என்ற எழுத்து 13 ஆனது என்று 1978-ல் ஒரு மாநாட்டில் ஹாப்பர் நினைவுகூர்ந்தார். ஏடு பெயர்த்து எழுதிய காலத்துப் பாடபேதம் மாதிரிதான். பார்த்து எழுதும் வேலையை மனிதனிடமிருந்து பிடுங்கி இயந்திரத்திடமே கொடுத்துவிடலாம் என்ற யோசனை அங்கேதான் முளைத்தது.

1950-களில் அசெம்பிளர் எழுதியவர்கள் இதை வேறு வழியில் பிடித்தார்கள். பல வரிகளுக்குச் சேர்த்து ஒரு பெயர் வைப்பது; அந்தப் பெயரை எழுதினால் இயந்திரம் அத்தனை வரிகளையும் அங்கே விரித்துப் போடும். இதுதான் மேக்ரோ. 'மக்ரோஸ்' என்றால் கிரேக்கத்தில் நீண்டது, பெரியது. 1960-ல் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதிய கட்டுரை இதை இன்னும் நீட்டியது. நிபந்தனை வைக்கலாம், மேக்ரோவுக்குள் மேக்ரோ வைக்கலாம் என்று காட்டினார். அதே பத்தாண்டில் ஐபிஎம்மின் பிஎல்/1 மொழி % குறி போட்ட கட்டளைகளோடு வந்தது. சாஸ் எழுதுபவர்களுக்கு அந்தக் குறியைப் பார்த்தால் பழைய சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும் :-)

சரி, சாஸுக்கு வருவோம். 1966-ல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில், விவசாய ஆராய்ச்சித் தகவல்களை அலச உருவானது அது. அந்தோணி பார் தொடங்கினார். ஜிம் குட்நைட் சேர்ந்தார். 1976-ல் தனிக் கம்பெனி ஆனது. 1970-களில் அதிலிருந்த மேக்ரோ எளிமையானது, பெயருக்குப் பதில் வரிகளைப் போடும், அவ்வளவுதான். 1980-களின் தொடக்கத்தில்தான் % குறியும் & குறியுமாக இன்றைய வடிவம் வந்தது.

அதனால் என்ன லாபம்? ஒரு மருந்துச் சோதனையில் ரத்த அழுத்தம், சர்க்கரை என்று 12 அளவுகளுக்கு டேபிள் வேண்டும் என்று வையுங்கள். ஒன்றை எழுதி, 11 தடவை காப்பி அடித்து, பெயரை மாற்றலாம். கடைசி நேரத்தில் "வயதுப் பிரிவை 60-லிருந்து 65 ஆக்குங்கள்" என்பார்கள். 11 இடத்தில் மாற்றுவோம், ஒன்று விட்டுப்போகும். நிரல் சத்தமில்லாமல் ஓடும், எந்த எச்சரிக்கையும் வராது. தப்பான டேபிள் மட்டும் வெளியே போகும். அதைப் பார்த்துத்தான் ஒரு மருந்தைப் பற்றி முடிவெடுக்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. மேக்ரோவாக எழுதியிருந்தால் மாற்ற வேண்டியது ஒரே இடம்.

ஆனால் மேக்ரோவுக்குப் புத்தி கிடையாது. அதற்குத் தெரிந்தது எழுத்து மட்டும்தான். 2+3 என்பதை ஒரு பெயரில் வைத்து 4-ஆல் பெருக்கச் சொன்னால் 20 வராது. 2+3*4 என்று அப்படியே ஒட்டிவிடும், 14 வரும். அடைப்புக்குறி போடுவது நம் பொறுப்பு. இன்னொன்று, மேக்ரோவில் ஒரு தப்பு இருந்தால் 12 டேபிளும் தப்பு.

இதனால்தான் மருந்துத் துறையில் முக்கியமான டேபிளை இரண்டு பேர் தனித்தனியே எழுதி ஒப்பிடும் வழக்கம் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே மேக்ரோவைக் கூப்பிட்டால்? விடை பொருந்தும், ஆனால் அந்தப் பொருத்தத்துக்கு அர்த்தமே இல்லை. ஒரே பஞ்சாங்கத்தை இரண்டு பேர் வாசித்த கதைதான்!

இந்தக் குறைகளைப் பார்த்தவர்கள் வேறு பாதையும் போட்டார்கள். பெல் ஆய்வகத்தில் 1976-ல் தொடங்கிய 'எஸ்' மொழியிலும் முதலில் மேக்ரோதான் இருந்தது. 1988-ல் வந்த புதிய எஸ், மேக்ரோவை விட்டுவிட்டு ஃபங்ஷனுக்கு மாறியது. ஃபங்ஷன் எழுத்தை ஒட்டாது. மதிப்பை வாங்கி, தன் அறைக்குள் கணக்குப் போட்டு, விடையைத் தரும். எஸ் போட்ட வழியில் வந்ததுதான் இன்றைய 'ஆர்'. சாஸ்காரர்களோ மேக்ரோவை இன்னும் விடவில்லை. பல வருடம் ஓடிச் சோதிக்கப்பட்ட மேக்ரோவைத் தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்?

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இரண்டு தடவை ஒட்டினால் பரவாயில்லை. மூன்றாவது தடவை கை போகும்போது நிறுத்தி, மேக்ரோவாக்குங்கள். ஆக்கியபின், அந்த மேக்ரோ தரும் விடையை ஒரே ஒரு டேபிளுக்காவது கையால் போட்டுச் சரிபாருங்கள்.