வங்கிக் கிளைக் குறியீடு (ஐ.எஃப்.எஸ்.சி.)

இந்தியாவில் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்கு மின்வழியில் பணம் அனுப்பும்போது, அது எந்த வங்கியின் எந்தக் கிளைக்குப் போக வேண்டும் என்பதைக் காட்டும் 11 இடக் குறியீடு ஐ.எஃப்.எஸ்.சி. 'இந்திய நிதி அமைப்புக் குறியீடு' என்பது இதன் விரிவு. ரிசர்வ் வங்கி நடத்தும் நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ்., தேசியக் கொடுப்பனவுக் கழகம் நடத்தும் ஐ.எம்.பி.எஸ். ஆகிய மூன்று பணப் பரிமாற்ற முறைகளிலும் இது பயன்படுகிறது. குஜராத்தின் கிஃப்ட் நகரத்தில் உள்ள பன்னாட்டு நிதிச் சேவை மையத்துக்கும் இதே சுருக்கப் பெயர்தான் வழங்குகிறது. இரண்டுக்கும் தொடர்பில்லை.

அமைப்பு

முதல் நான்கு இடங்கள் ஆங்கில எழுத்துகள். அவை வங்கியைக் குறிக்கும். ஸ்டேட் வங்கிக்கு எஸ்.பி.ஐ.என்., இந்தியன் வங்கிக்கு ஐ.டி.ஐ.பி., கரூர் வைசியா வங்கிக்கு கே.வி.பி.எல்., தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கிக்கு டி.எம்.பி.எல். சில குறியீடுகளில் வங்கியின் பழைய பெயர் இன்னும் வாழ்கிறது. ஆக்சிஸ் வங்கியின் எழுத்துகள் யு.டி.ஐ.பி.; 2007 வரை அதன் பெயர் யு.டி.ஐ. வங்கி.

ஐந்தாவது இடத்தில் எப்போதும் சுழியம். பிற்காலத் தேவைக்காக ஒதுக்கி வைத்த இடம் அது. கடைசி ஆறு இடங்கள் கிளைக்கு உரியவை. புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் எண் 00691. ஆகவே அதன் குறியீடு எஸ்.பி.ஐ.என்.0000691. வெளிநாட்டு நன்கொடை பெறும் இந்தியத் தொண்டு நிறுவனங்கள் எல்லாம் 2020-இன் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இந்த ஒரே கிளையில்தான் அந்தப் பணத்தை முதலில் பெற வேண்டும் என்பதால், நாட்டில் அதிகம் எழுதப்படும் குறியீடுகளில் இதுவும் ஒன்றாகியிருக்கும். கிளைப் பகுதி எண்ணாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பரோடா வங்கி கிளையின் பெயரைச் சுருக்கி எழுத்துகளாகவே வைத்திருக்கிறது.

ஐந்தாம் இடத்துச் சுழியத்தை 'ஓ' என்ற எழுத்தாகப் படித்து எழுதுவது படிவங்களில் அடிக்கடி நேரும் பிழை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி வாடிக்கையாளர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: ஐ.ஓ.பி.ஏ. என்பதன் இரண்டாம் இடத்தில் இருப்பது எழுத்து, ஐந்தாம் இடத்தில் இருப்பது எண். கைபேசியில் தட்டச்சிடும்போது பெரும்பாலான செயலிகள் தவறான குறியீட்டை ஏற்காமல் நிறுத்திவிடும். வங்கிக் கவுன்டரில் கையால் எழுதித் தரும் சீட்டுக்கு அந்தக் காவல் இல்லை.

காசோலையிலும் பாஸ்புக்கின் முதல் பக்கத்திலும் இக்குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். காசோலையின் அடியில் காந்த மையில் உள்ள ஒன்பது இலக்க எம்.ஐ.சி.ஆர். எண் வேறு. அதன் முதல் மூன்று இலக்கங்கள் ஊரையும் (சென்னைக்கு 600), அடுத்த மூன்று வங்கியையும், கடைசி மூன்று கிளையையும் குறிக்கும். அது காசோலைகளைப் பிரித்து அடுக்கும் இயந்திரத்துக்காக வந்தது.

பணம் போகும் வழி

இரண்டு வங்கிகளுக்கு இடையே ரூபாய் நோட்டு எதுவும் பயணம் செய்வதில்லை. பயணம் செய்வது ஒரு செய்தி. அந்தச் செய்தியின் உறைமேல் எழுதும் முகவரிதான் ஐ.எஃப்.எஸ்.சி. வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ள ஐதராபாத்தில் உள்ள வங்கித் தொழில்நுட்ப வளர்ச்சி ஆய்வு நிறுவனம் 2001-இல் எஸ்.எஃப்.எம்.எஸ். என்ற அமைப்பைத் தொடங்கியது. செய்தி போய்ச் சேரும் இடத்தை அறிய அதற்கு ஒரு பொது முகவரி முறை வேண்டியிருந்தது. பணக் கணக்கோ ரிசர்வ் வங்கியில் தீர்கிறது: அனுப்பும் வங்கி அங்கே வைத்திருக்கும் கணக்கில் பற்று, பெறும் வங்கியின் கணக்கில் வரவு.

ஆர்.டி.ஜி.எஸ். 2004 மார்ச்சில் வந்தது. இதில் ஒவ்வொரு தொகையும் தனித்தனியாக, உடனுக்குடன் தீர்க்கப்படும். குறைந்தது 2 லட்சம் ரூபாய் அனுப்ப வேண்டும். 2005 நவம்பரில் வந்த நெஃப்ட், அரைமணிக்கு ஒரு தொகுதியாகச் சேர்த்துத் தீர்க்கிறது, ஆகவே ஒரு நாளில் 48 தொகுதிகள். வேலை நாட்களில் மட்டும் நடந்துவந்த நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதலும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் 14 முதலும் இரவு பகலாக, விடுமுறை நாளிலும் இயங்குகின்றன. தொகுதி தீர்ந்த இரண்டு மணி நேரத்துக்குள் நெஃப்ட் பணத்தை வரவு வைக்கவோ திருப்பியனுப்பவோ வேண்டும் என்பது விதி. தாமதித்தால், ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் சேர்த்து வங்கி வட்டி தர வேண்டும். வாடிக்கையாளர் தனியாகக் கேட்க வேண்டிய அவசியமில்லை. இந்த உரிமை பரவலாகத் தெரிந்திருக்க வேண்டியது.

குறியீடு தவறினால்

இங்கேதான் மக்களின் அச்சம் இடம் மாறி நிற்கிறது. குறியீட்டைப் பத்து முறை சரிபார்ப்பவர்கள் கணக்கு எண்ணை ஒரு முறை பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். எல்லாக் கிளைகளின் கணக்குகளையும் ஒரே மையத்தில் இணைக்கும் கோர் பேங்கிங் வந்த பிறகு கணக்கு எண் ஒரு வங்கி முழுவதற்கும் ஒன்றே. ஆகவே வங்கி சரியாக இருந்து கிளை மட்டும் மாறிப்போனால், பல வங்கிகளில் பணம் உரிய கணக்கில் சேர்ந்துவிடும். வங்கியே மாறினால் அந்த வங்கியில் அப்படி ஒரு கணக்கு பெரும்பாலும் இருக்காது. பணம் திரும்பி வரும். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிசகி, அந்த எண்ணில் இன்னொருவர் கணக்கு இருந்துவிட்டால்தான் உண்மையான இழப்பு. அவர் ஒப்புதல் இல்லாமல் அந்தப் பணத்தை வங்கி எளிதில் எடுத்துத் தர முடியாது.

பெயரும் எழுதினோமே என்று கேட்கலாம். கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம், சரியான விவரம் தருவது அனுப்புபவரின் பொறுப்பு என்று 2010 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தெளிவுபடுத்திவிட்டது. காசோலையில் பெயர் பார்த்துப் பழகிய தலைமுறைக்கு இது பெரிய மாற்றம். அதை யாரும் அவர்களுக்கு உட்காரவைத்துச் சொல்லவில்லை. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைத் திரையில் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் ஆணையிட்டது. நெஃப்ட் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த காப்பு இது. முதல் நாளே வந்திருக்க வேண்டும். அதுவரை, முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று போனில் கேட்டுவிட்டு மீதியை அனுப்புவதே மக்கள் தாங்களே கண்டுகொண்ட பாதுகாப்பாக இருந்தது.

ஐ.எஃப்.எஸ்.சி. ரகசியம் அல்ல. முழுப் பட்டியலை ரிசர்வ் வங்கியே தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. பணம் வாங்குவதற்கு அதையும் கணக்கு எண்ணையும் தரலாம்; ஓ.டி.பி.யும் பின் எண்ணும் கேட்பவருக்கு எதுவும் தரக் கூடாது.

இணைப்புகளும் மாற்றங்களும்

கிளை மூடப்பட்டாலோ வங்கி இன்னொன்றோடு இணைந்தாலோ குறியீடு மாறும். துணை வங்கிகள் 2017-இல் ஸ்டேட் வங்கியோடு இணைந்தபின், 2018-இல் ஏறத்தாழ 1,300 கிளைகளின் குறியீடுகள் மாறின. 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் இணைந்தன. சிண்டிகேட்டின் குறியீடுகள் 2021 ஜூன் 30-உடன் செல்லாமல் போயின. பழைய கிளை எண்ணோடு 10000 கூட்டி, கனராவின் சி.என்.ஆர்.பி. எழுத்துகளை முன்னால் சேர்த்ததே புதிய குறியீடு. கரூரில் 1926-இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியின் எல்.ஏ.வி.பி., 2020 நவம்பரில் அது டி.பி.எஸ். வங்கி இந்தியாவோடு சேர்ந்த பிறகு டி.பி.எஸ்.எஸ். ஆயிற்று. கணக்கு எண் மாறாதிருந்தாலும், வருங்கால வைப்பு நிதி, பங்கு ஈவுத்தொகை, காப்பீட்டு முதிர்வுத்தொகை எனப் பல இடங்களில் பதிந்த பழைய குறியீட்டை வாடிக்கையாளரே தேடித் தேடி மாற்ற வேண்டியிருந்தது. முதியவர்களுக்கு இது சிறிய அலைச்சல் அல்ல.

எல்லாக் கிளைக்கும் தனிக் குறியீடு வேண்டும் என்ற கட்டாயமும் தளர்ந்து வருகிறது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்குகளுக்கு 2022 மே மாதம் நெஃப்ட் வசதி வந்தபோது, நாடு முழுவதும் உள்ள அஞ்சலகங்களுக்கு ஐ.பி.ஓ.எஸ்.0000டி.ஓ.பி. என்ற ஒரே குறியீடே தரப்பட்டது. 2016-இல் வந்த யு.பி.ஐ.யில் கைபேசி எண்ணோ கியூ.ஆர். சதுரமோ போதும், குறியீட்டை யாரும் எழுதுவதில்லை. ஆனால் கணக்கு எண் கொடுத்து யு.பி.ஐ.யில் பணம் அனுப்பும்போது, செயலி அந்த எண்ணோடு ஐ.எஃப்.எஸ்.சி.யை ஒட்டித்தான் பெறுபவரின் யு.பி.ஐ. முகவரியை உண்டாக்கிக்கொள்கிறது.