சூரியனில் ஒரு கடிகாரம்

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விடுகிறார்கள், கோக்கர்ஸ் நடையில் நின்று மேகத்தைப் பார்க்கிறார்கள், பேரிக்காய் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மேலே, 2,343 மீட்டர் உயரத்தில், 1899-ஆம் வருஷம் முதல் ஒரு வானாராய்ச்சி நிலையம் இருப்பது பலருக்கு ஞாபகம் வருவதில்லை. மழை பெய்தால் ஒதுங்க இடம் தேடுகிறபோது வருமோ என்னவோ.

அங்கே ஒரு காலத்தில் சூரியனுடைய கடிகாரம் மெதுவாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விளையாட்டுப் பேச்சு அல்ல. கனமான பொருளுக்கு அருகே காலம் மந்தமாக நகரும் என்று 1911-இல் ஐன்ஸ்டீன் எழுதினார். கணக்குப் போட்டால், சூரியனின் மேல்பரப்பில் வைத்த கடிகாரம் வருஷத்துக்கு ஒரு நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகப் பின்தங்கும். நம் வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஒரு வாரத்திலேயே அதைச் செய்துவிடும். அது வேறு விஷயம். சூரியனில் யார் போய்க் கடிகாரம் மாட்டுவது? மாட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு அணுவும் ஒரு கடிகாரந்தான். இரும்பு அணு தனக்கே உரிய கதியில் அதிர்கிறது. அந்தக் கதிக்கு ஏற்ற இடத்தில் நிறமாலையில் ஒரு கோடு விழுகிறது. கதி குறைந்தால் கோடு சிவப்புப் பக்கம் நகரும். எவ்வளவு? பத்து லட்சத்தில் இரண்டு பங்கு.

இதை அளக்க முனைந்தவர் ஜான் எவர்ஷெட். 1907-இல் கொடைக்கானலுக்கு வந்தவர், 1911-இல் டைரக்டரானார். அதற்கு முன்பே, 1909 ஜனவரியில், சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்கியிருந்தார். அவர் மனைவி மேரியும் வானசாஸ்திரி. தாந்தேயின் காவியத்தில் வரும் வானநூலைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். மலைமேல் அப்படி ஒரு தம்பதி.

நிறமாலைக் கோடுகள் ஊசிமுனை போல் இருப்பதில்லை. நுனி மங்கிக் கிடக்கும். எவர்ஷெட் ஒரு யுக்தி செய்தார். நெகடிவின் மேல் அதே படத்தின் பாசிடிவ் பிரதியை வைத்து, திருகால் மெல்ல நகர்த்துவது. ஒன்றின் கருமையும் மற்றதன் வெண்மையும் கலந்து கோடு மறைந்து ஒரே சாம்பல் நிறமாகும் இடந்தான் சரியான இடம். கோட்டைப் பார்ப்பதை விட்டு, அது காணாமற்போவதைப் பார்த்தார். எனக்கு இந்த யுக்தியின் மேல் தனி மோகம்.

ஆனால் பொறிகள் எத்தனை! பூமி சுழல்வதால் காலையில் கொடைக்கானல் சூரியனை நோக்கிச் செல்கிறது, மாலையில் விலகுகிறது. அந்த வேகம் வினாடிக்கு நானூற்றைம்பது மீட்டர் வரை. தேடுகிற நகர்வோ அறுநூற்றுச் சொச்ச மீட்டர் வேகத்துக்குச் சமம். பொருளும் குற்றமும் ஏறக்குறைய ஒரே எடை! போதாக்குறைக்கு, சூரிய வட்டத்தின் நடுவில் நகர்வு குறைவாகவும் விளிம்பில் அதிகமாகவும் இருந்தது. வாயுக்கள் பூமியைக் கண்டு விலகி ஓடுகின்றனவோ என்றுகூட ஒரு சந்தேகம். அதைத் தீர்க்கச் சுக்கிரனைப் பிடித்தார். நமக்கு மறைந்த சூரியப் பக்கத்தின் ஒளியைச் சுக்கிரன் பிரதிபலிக்குமல்லவா? அந்தச் சந்தேகம் கடைசியில் நிலைக்கவில்லை. நடுவட்டத்தில் சூடான வாயு நம்மை நோக்கிக் கொதித்தெழுவதால் நகர்வு குறைகிறது என்பது பிற்பாடு தெளிவாயிற்று. 1923-இல், ஓய்வு பெறும் வருஷத்தில், ஐன்ஸ்டீன் சொன்ன நகர்வு இருக்கத்தான் செய்கிறது என்ற முடிவுக்கு எவர்ஷெட் வந்துவிட்டார். கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சனில் முதலில் மறுத்த செயின்ட் ஜானும் அதே வருஷம் மனம் மாறினார்.

இன்று அளவுகோல் மாறிவிட்டது. நொடிப்பொழுதிலும் சிறிய நொடியில் துடிக்கும் லேசர், நிறமாலையில் சீப்புப் பற்களைப் போல் சம இடைவெளியில் கோடுகள் போடுகிறது. 2008-இல் டெனரீப் தீவிலுள்ள சூரியத் தொலைநோக்கியில் அதை வைத்துப் பார்த்தார்கள். துடிப்புக்குத் துடிப்பு எவ்வளவு தவறுகிறது என்று அந்தக் கடிகாரத்தையும் சோதிக்கத் தனி விஞ்ஞானிகள் இருக்கிறார்கள்.

எவர்ஷெட் ஊர் திரும்பிய பிறகும் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தில் யூஹர்ஸ்ட் என்ற கிராமத்தில் சொந்தமாக ஒரு நிலையம் கட்டி, திரவம் நிரப்பிய பெரிய முப்பட்டகங்களை வைத்துக்கொண்டு, அதே கோடுகளை மறுபடி அளக்க உட்கார்ந்துவிட்டார்.