கால் விறைப்பு: கரையோர மக்கள் அறிந்திருக்க வேண்டியவை

"கால் விறைக்குது" என்று சொல்லும் பத்துப் பேருக்கும் ஒரே வருத்தம் இருப்பதில்லை. கற்பிட்டியிலிருந்து உடப்பு வரையுள்ள கிராமங்களில் பல வருடங்களாகச் சுகாதாரத் தொண்டனாகச் சுற்றியதில் நான் கண்டது இது. கடலுக்குப் போகிறவர், உப்பளத்தில் வேலை செய்கிறவர், வெங்காயத் தோட்டத்தில் குந்தியிருந்து களை பிடுங்குகிறவர், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கேயே முதுமையடைந்தவர், போர்க்காலத்துச் செல் துண்டை இன்னும் காலில் சுமப்பவர் என ஒவ்வொருவருக்கும் காரணம் வேறு. காரணம் வேறானால் வைத்தியமும் வேறு.

நோவு இருந்தால் நாங்கள் வைத்தியரிடம் போவோம். விறைப்புக்கு அப்படிப் போவதில்லை. "இருந்து எழும்பினால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகிறோம். கால்மேல் கால் போட்டிருந்து வரும் விறைப்பு சில நிமிடங்களில் போய்விடும். அதற்குப் பயப்படத் தேவையில்லை. நாட்கணக்கில் நிற்கும் விறைப்பும், திரும்பத் திரும்ப வரும் விறைப்பும்தான் கவனிக்க வேண்டியவை.

சீனி வருத்தம்

நீரிழிவுதான் மிகப் பொதுவான காரணம். இரத்தத்தில் சீனி நீண்டகாலம் கூடி நின்றால் நரம்புகள் பழுதடையும். நீளமான நரம்புகளே முதலில் கெடுவதால் இரண்டு கால்களின் விரல் நுனிகளிலும் விறைப்புத் தொடங்கி, காலுறை போட்டதுபோல மெல்ல மேலேறும். இரவில் எரிவும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் வரலாம். கெட்ட நரம்பு முழுமையாகத் திரும்புவது அரிது. ஆனால் சீனியைக் கட்டுப்படுத்தினால் மேலும் கெடுவதைத் தடுக்கலாம். எரிவுக்கு வைத்தியர் தரும் அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற குளிசைகள் நோவைக் குறைக்கும். போன உணர்ச்சியைத் திருப்பித் தராது.

சீனிக்கு மெட்போமின் குளிசையைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம். அதுவும் விறைப்பைத் தரும். குளிசையை நீங்களாக நிறுத்தாமல், பி12 அளவைப் பார்க்க வேண்டுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். மீன், முட்டை, பால் எதுவும் சாப்பிடாதவர்களுக்கும் இக்குறைபாடு வரும். கசிப்பும் சாராயமும் நரம்பைக் கெடுக்கும். காசநோய்க்கு ஐசோனியசிட் எடுக்கும்போது கால் விறைத்தால் உடனே சொல்லுங்கள். விற்றமின் பி6 கொடுத்துச் சரிசெய்யலாம்.

குந்தியிருக்கும் வேலையும் நாரியும்

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில், எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. மணிக்கணக்காகக் குந்தியிருந்து களை பிடுங்கினாலோ, சப்பாணி கட்டியிருந்து வலை பொத்தினாலோ அது நசுங்கும். பாதத்தின் மேற்பகுதி விறைக்கும். பாதத்தைத் தூக்க முடியாமல் நிலத்தில் இழுபடவும் கூடும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும், சிறு பலகையில் இருந்து வேலை செய்வதும் இதற்கு நல்லது. பாதம் தொங்கிவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும்.

நாரியிலிருந்து பின்தொடை வழியாக ஒரு காலுக்கு மட்டும் நோவும் விறைப்பும் இறங்கினால், முள்ளந்தண்டின் இடைத்தட்டு நரம்பை அழுத்தியிருக்கலாம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சத்திரசிகிச்சையின்றியே குறையும். பாரம் தூக்குவதைத் தவிருங்கள். ஆனால் முழுநாளும் படுத்தே கிடக்கவும் வேண்டாம்.

சுழியோடிகளுக்கு

சிலிண்டருடன் கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்குபவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. அந்த அமுக்கத்தில், சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் உடலில் கரைகிறது. வேகமாக மேலே வந்தால், மூடி திறந்த சோடாப் போத்தல் போல அது குமிழியாக வெளிவரும். குமிழிகள் முள்ளந்தண்டு நரம்பைத் தாக்கினால் கால் விறைக்கும், பலம் குறையும், சிறுநீர் போகாது. மூட்டு நோவும் தலைச்சுற்றும் சேர்ந்து வரலாம். சில நிமிடங்களிலும் வரலாம். ஒரு நாள் கழிந்தும் வரலாம்.

"மறுபடி இறங்கினால் சரியாகும்" என்று சிலர் திரும்ப இறங்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆழத்தில் தற்காலிகமாகச் சுகமாகத் தோன்றினாலும், இன்னும் நைதரசன் சேர்ந்து, மேலே வரும்போது நிலைமை மோசமாகும். ஆளைச் சமமாகப் படுக்க வைத்து, ஒட்சிசன் கொடுத்து, சுழியோடியவர் என்பதைச் சொல்லி வைத்தியசாலையில் சேருங்கள். அமுக்க அறைச் சிகிச்சை எவ்வளவு விரைவாகக் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. வராமல் தடுக்க, நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாத வேகத்தில் ஏறுங்கள். 5 மீற்றரில் மூன்று நிமிடமாவது தரியுங்கள். ஒரே நாளில் பல சிலிண்டர் இறங்குவதைக் குறையுங்கள்.

பழைய காயம்

செல் துண்டோ சன்னமோ நரம்பை அறுத்திருந்தால், அந்த நரம்பு போகும் இடம் மட்டும் விறைத்திருக்கும். நரம்பு வளர்ந்தாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான் வளரும். பல வருடம் கடந்த விறைப்பு இனித் திரும்புவது கடினம். ஆனால் பழைய காயமுள்ள காலில் புதிதாக விறைப்பு வந்தால், "அது அந்தக் காயம்தான்" என்று விடாதீர்கள். வேறு காரணமும் இருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடம்பில் உலோகத் துண்டு இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். காந்தத்தில் சில உலோகங்கள் அசையவும் சூடாகவும் கூடும்.

ஒரு காலை இழந்தவர்களுக்குச் சீனியும் வந்தால், மிஞ்சிய காலைத் தினமும் பார்ப்பது கட்டாயம். முழுப் பாரத்தையும் சுமப்பது அந்தக் கால்தான்.

தொழுநோய்

வெளிறிய அல்லது சிவந்த தேமல், அதில் உணர்ச்சி இல்லை, கூடவே கால் விறைப்பு என்றால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை. அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கும் கூட்டு மருந்து, வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதத்தில் குணமாக்கும். பிந்தினால் நரம்பு கெட்டுவிடும்.

கொல்லிமலையில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டொக்டர் போல் பிராண்ட், தொழுநோயாளரின் பாதம் தானாக அழுகுவதில்லை என்று காட்டினார். நோவு தெரியாமல் நடந்து, குத்தி, சுட்டுக்கொள்வதால்தான் புண் வருகிறது. சீனிக்காலுக்கும் இதே பாடம்தான்.

வீட்டில் செய்யக்கூடியவை

கண்ணை மூடியிருக்கச் சொல்லி, இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை வீட்டிலுள்ள ஒருவர் விரலால் மெல்லத் தொடட்டும். அழுத்தவோ தடவவோ கூடாது. ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் கிளினிக்கில் பாதத்தைக் காட்டுங்கள்.

விறைத்த காலைச் சுடுதண்ணீரில் வைக்காதீர்கள். தவிட்டு ஒத்தடம், சுடுமணல், சுட்ட செங்கல் எதுவும் வேண்டாம். சூடு தெரியாமல் தோல் வெந்துபோகும். கடற்கரையிலும் உப்பளத்திலும் வெறுங்காலுடன் நிற்காதீர்கள். செருப்பைப் போடுமுன் உள்ளே கையால் தடவிப் பாருங்கள். இரவில் கழுவித் துடைத்து, விரலிடுக்கையும் பார்த்து, அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பாருங்கள். கொப்புளமோ வெடிப்போ சிவப்போ தெரிந்தால் அடுத்த நாளே காட்டுங்கள்.

தாமதிக்கக் கூடாதவை

ஒரு பக்கக் கையும் காலும் திடீரென விறைத்து வாய் கோணினால், இரு கால்களும் விறைத்துச் சிறுநீர் அடைத்தால், மறைவிடத்தைச் சுற்றி உணர்ச்சி போனால், கால் வெளிறிக் குளிர்ந்து கடுமையாக நொந்தால், விறைப்பும் பலவீனமும் நாளுக்கு நாள் மேலேறினால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கற்பிட்டி, புத்தளம், சிலாபம் வைத்தியசாலைகளில் எது அருகிலோ அங்கே போய், விறைப்பு எப்போது தொடங்கியது, எந்தக் குளிசை எடுக்கிறீர்கள், என்ன தொழில் செய்கிறீர்கள் என்ற மூன்றையும் மறக்காமல் சொல்லுங்கள்.