பொதுக் குழாயும் கணிப்பொறியும்

மும்பை மாநகருக்குக் குடிநீரைத் தூய்மை செய்து அனுப்பும் பெரிய நிலையம் பாண்டுப்பில் இருக்கின்றது. ஆயினும் அதே பாண்டுப்பின் சால்களில், ஒரே குழாயடியில் பல குடும்பத்தார் முறை வைத்து நீர் பிடித்த காலத்தை நம்மவர் பலர் நேரில் அறிவர். முன்னவர் தம் குடம் நிறைந்ததும் தாமாக விலகினால்தான் அடுத்தவருக்கு நீர் கிட்டும். அவர் விலக மறந்தாலோ வரிசை முழுவதும் நின்றுவிடும். 1990களின் முற்பகுதியில் நம்மிடையே பரவிய கணிப்பொறிகளுக்குள் நிகழ்ந்ததும் ஏறக்குறைய இதுவேயாம்.

பாண்டுப்பிற்கு அண்மையில், பவாயியில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம், 1986இல் தொடங்கிய எர்நெட் என்னும் கல்வி வலைத்தொடர்பில் முதலிலேயே இடம் பெற்ற நிறுவனங்களுள் ஒன்று. அத்தகைய இடங்களில் வழங்கிய யூனிக்ஸ் முறையில், ஒவ்வொரு நிரலுக்கும் உரிய நேரம் முடிந்தவுடன் அதை விலக்கிவிடும் காவலன் உண்டு. ஒன்றன் நினைவிடத்தில் மற்றொன்று கைவைக்கவும் இயலாது. ஆனால் 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்து விட்டபோது, வீட்டு மேசைகளில் பெரும்பாலும் இருந்தது விண்டோஸ் 3.1. அதில் காவலன் இல்லை. நிரல்கள் ஒன்றையொன்று நம்பி விலகிக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் வலைத்தொடர்பு நிரலுக்கு ஏற்பட்ட இக்கட்டு தனியானது. கடிதம் எழுதும் நிரலுக்குக் காத்திருக்கும் வேலை மிகக் குறைவு. தொலைவிலுள்ள கணிப்பொறியின் மறுமொழியை எதிர்நோக்கும் நிரலுக்கோ காத்திருப்பதே பெரும்பணி. அது குழாயைப் பற்றிக்கொண்டே காத்திருந்தால் ஏனையவை யாவும் உறைந்துபோகும். 1993 ஜனவரியில் வெளியான வின்சாக் 1.1 என்னும் பொது விதிமுறை இதற்கொரு சமாதானம் கண்டது: காத்திருக்கும் வேளையிலும் பிற நிரல்களின் செய்திகளை ஓடவிடுவது. நல்ல ஏற்பாடே. ஆனால் அந்த இடைவெளியில், பொறுமையிழந்தவர் அதே பொத்தானை மறுமுறை அழுத்தினால், முதல் வேலை முடியுமுன்னரே இரண்டாவது வேலை உள்ளே புகுந்துவிடும். கவனமின்றி எழுதப்பட்ட நிரல் அத்தோடு விழும். திரையில் பொதுப் பாதுகாப்புப் பிழை என்ற அறிவிப்புப் பெட்டி தோன்றும்.

நம் தமிழர்களுள் தட்டெழுத்தையும் சுருக்கெழுத்தையும் கற்று அவற்றின் பலத்தால் பம்பாய்க்கு ரயிலேறியவர் ஏராளம். தட்டச்சுப் பொறியில் ஒரு நெம்புகோல் சிக்கிக்கொண்டால் கண்ணாலேயே காணலாம், விரலால் எடுத்துவிடலாம். இப்புதுப் பொறியின் சிக்கலோ கண்ணுக்குப் புலப்படாதது. ஆதலின் பழியெல்லாம் தொலைபேசிக் கம்பியின் மேல் விழுந்தது. கம்பியிலும் குறைகள் இருந்தன, மறுப்பதற்கில்லை. எனினும் குற்றவாளி பல வேளைகளில் வீட்டிற்குள்ளேயே இருந்தான்.

அவனைக் கண்டுபிடித்த வழிகள் சுவையானவை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்த பீட்டர் டாட்டம் என்பார் எழுதிய டிரம்பெட் வின்சாக் என்னும் நிரலே அந்நாளில் உலகெங்கும் பலருக்கு இணையத்தின் வாயிலாக இருந்தது. (பயன்படுத்திப் பார்த்துப் பின்னர் விலை அனுப்புமாறு அவர் அதை வழங்கினார், அனுப்பாதவரே மிகுதி.) அதன் உயிர்நாடியான கோப்பின் பெயர் வின்சாக் டி.எல்.எல். வேறு நிறுவனத்தார் மென்பொருளும் அதே பெயரில் தம் கோப்பை வன்தட்டில் வைத்துச் செல்லும். எது முதலில் எழுந்ததோ அதையே ஏனைய நிரல்களும் பற்றிக்கொள்ளும். எனவே காலையில் ஒழுங்காக நடந்த தொடர்பு, நிரல்களைத் திறந்த வரிசை மாறியதால் மாலையில் விழுந்தது! அனுபவசாலிகள் முதற்காரியமாக வன்தட்டு முழுவதும் அப்பெயரைத் தேடி, ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றின் பெயரை மாற்றினர்.

இன்னொன்று, நினைவிடம். கணிப்பொறியில் 8 மெகாபைட் இருந்தும் இடமில்லை என்ற புலம்பல் எழும். சாளரங்கள், பொத்தான்கள், சித்திரங்கள் ஆகியவற்றின் குறிப்பிற்கென ஒதுக்கிய அறைகள் ஒவ்வொன்றும் வெறும் 64 கிலோபைட் அளவினதாக இருந்தமையே காரணம். மூடப்பட்ட நிரல் தன் உடைமைகளை அங்கேயே விட்டுப் போவதும் உண்டு. ஆகவேதான் விண்டோஸை மூடித் திறந்தவுடன் நோய் தீர்ந்ததுபோல் தோன்றியது.

மோடத்தின் வாயிலாக விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் சுமார் 960 எழுத்துகள் வரும். அதாவது ஓர் எழுத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பழைய 8250 சில்லு ஓர் எழுத்தையே ஏந்தி நிற்கும். அதை உரிய நேரத்தில் எடுக்காவிட்டால், அடுத்தது வரும்போது ஓர் எழுத்து கீழே சிந்திவிடும். 16 எழுத்துகளை ஏந்தக்கூடிய 16550ஏ சில்லைப் பொருத்தியவர்களுக்கு, கம்பி தானாகவே சீர்பட்டதுபோல் இருந்தது.

1995இல் வந்த விண்டோஸ் 95 வலைத்தொடர்பு விதிகளைத் தன்னுள்ளேயே கொண்டுவந்தது. புதிய நிரல்களுக்குக் காவலனையும் அமர்த்தியது. ஆனால் பழைய நிரல்களுக்கென ஒரு பொதுக் குழாயை அதுவும் விட்டு வைத்திருந்தது. அதை அவற்றுள் ஒன்று பற்றிக்கொண்டபோது புதியனவும் வரிசையில் நின்றன. அவ்வழக்கம் விண்டோஸ் வீடுகளை விட்டு நீங்கியது, 2001இல் எக்ஸ்.பி. வந்த பின்னரே.